வாசகர் கேள்விகள்: திரையிலிருந்து கட்டைக்கு

லினோ (லினோலியம் என்ற மென்மையான தகட்டைச் செதுக்குவது), மரக்கட்டை, சில்க் ஸ்கிரீன் என்று அச்சோவியம் செய்ய ஆரம்பித்து எனக்கு 28 வருடம் ஆகிறது. டேப்லெட் வாங்கி 11 வருடம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டையும் சேர்த்துச் செய்வது பற்றியே இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஓவியக் கல்லூரி மாணவி ஒருவர்): அம்மா, டேப்லெட்டில் வரைந்த ஒரு முகத்தை லினோவுக்கு மாற்றி, ஒரு கோடும் பிசகாமல் செதுக்கினேன். திரையில் அவ்வளவு நன்றாக இருந்த முகம் அச்சில் உயிரில்லாமல் கிடக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

பதில்: ஒரு கோடும் பிசகாமல் செதுக்கியதில்தான் என்று நினைக்கிறேன்.

திரையில் நாம் நான்கு மடங்கு, ஐந்து மடங்கு பெரிதாக்கிக்கொண்டு வரைகிறோம். இமையின் ஒவ்வொரு முடியும் அங்கே தெளிவாகத் தெரியும். அதே முகம் 15 செ.மீ. லினோத் துண்டுக்கு வரும்போது அந்த முடி 0.2 மி.மீ. கூட இருக்காது. லினோவில் அவ்வளவு மெல்லிய மேடு நிற்காது. ஓரம் பொடிந்துவிடும், இல்லையென்றால் ரோலர் நாலு முறை போனதும் சாய்ந்துவிடும். இது உங்கள் கைக்குத் தெரியும். அதனால் கை பயந்து பயந்து செதுக்கியிருக்கிறது. அச்சில் நீங்கள் பார்ப்பது அந்தப் பயத்தைத்தான்.

இதைவிட அடிப்படையான காரணம் ஒன்றும் உண்டு. ஸ்டைலஸ் வெள்ளையில் கருப்பை வைக்கிறது. உளி கருப்பிலிருந்து வெள்ளையை எடுக்கிறது. செதுக்காத லினோவுக்கு மை பூசி ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள், முழுக் கருப்பு வரும். அதிலிருந்து நீங்கள் சீவி எடுக்கும் ஒவ்வொரு சுருளும் ஒரு வெளிச்சம். பேனா யோசிக்கிற மாதிரி வரைந்த படத்தை உளியால் நகல் எடுத்தால், கோட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளையைத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வேலை முழுவதும் கோட்டைக் காப்பாற்றுவதிலேயே போய்விடும்.

ஆகவே அடுத்த படத்தை இப்படிச் செய்து பாருங்கள். கோப்பைத் திறந்ததும் முதல் லேயரை முழுக் கருப்பால் நிரப்புங்கள். அச்சாகப் போகும் அதே அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). வெள்ளை பிரஷ் ஒன்று மட்டும். மங்கலான ஓரம், ஒளி ஊடுருவும் தன்மை, அழுத்தத்துக்கேற்ப வெளிறுவது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பெரிதாக்கிப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

நான் இன்னொரு வேலையும் செய்து வைத்திருக்கிறேன். ஒரு லினோத் துண்டில் என்னிடமிருந்த உளிகள் அனைத்தாலும் கீறினேன்: மெதுவாக, வேகமாக, வளைத்து, குத்தி எடுத்து. அதை அச்சிட்டு, மை நன்றாகக் காய்ந்ததும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கீறலையும் ஒரு பிரஷ்ஷாக மாற்றினேன். என் மெல்லிய வி வடிவ உளி லேசாகப் போனால் அரை மி.மீ., அழுத்தினால் ஒன்றரை மி.மீ. அகலமான யு வடிவ உளி 5 மி.மீ. இப்போது என் உளியால் முடியாத கோடு எதையும் நான் திரையில் போடுவதில்லை. ஒரு மாலைப்பொழுது வேலைதான். எட்டு வருடமாக உதவுகிறது.

அப்புறம், ஜப்பானிய ஓவியர் ஹோகுசாயின் அந்தப் பெரிய அலையை நினைத்துக்கொள்ளுங்கள். 1831 வாக்கில் வந்த அச்சு அது. அந்தக் கால ஜப்பானிய மர அச்சில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் வேறொருவர், அச்சிடுபவர் இன்னொருவர். மெல்லிய தாளில் வரைந்த படத்தைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்குவார்கள். செதுக்கி முடிக்கும்போது மூல வரைபடம் இருக்காது, கட்டை மட்டும்தான் இருக்கும். உங்கள் விஷயத்தில் வரைபடம் அழியவில்லை. அது பக்கத்திலேயே ஒளிர்ந்துகொண்டு, "இதே மாதிரி செய்" என்று உங்களை அதட்டிக்கொண்டிருக்கிறது. செதுக்க உட்கார்ந்ததும் டேப்லெட்டை அணைத்து வேறு அறையில் வைத்துவிடுங்கள். முகத்தின் வடிவமும் பெரிய நிழல்களும் மட்டும் கட்டையில் இருக்கட்டும். தலைமுடியையும் பின்னணியையும் திரையில் முடிக்காமலே விட்டுவிட்டு, உளியோடு அந்த இடத்துக்குப் போங்கள்.

கேள்வி: எழுத்து உள்ள ஒரு படத்தை இரண்டு முறை வீணாக்கிவிட்டேன். கோப்பை எப்போது இடவலமாகத் திருப்ப வேண்டும், எப்போது வேண்டாம்?

பதில்: கோப்பு தாளுக்கு வந்து சேரும் வரை படம் எத்தனை முறை முகத்தோடு முகம் ஒட்டிப் பிரிகிறது என்று எண்ணுங்கள். கார்பன் தாள் வைத்துக் கட்டையில் வரைந்தால், கட்டையிலிருந்து தாளுக்குப் போகும்போது ஒரே ஒரு முறை. அப்போது கோப்பைத் திருப்ப வேண்டும். லேசர் பிரின்ட்டைக் கட்டையில் கவிழ்த்து மாற்றினால் அது ஒன்று, அச்சிடுவது இரண்டு. திருப்ப வேண்டாம். சில்க் ஸ்கிரீனில் மை துணி வழியாக இறங்குகிறது, முகம் முகத்தோடு ஒட்டுவதே இல்லை. அங்கேயும் திருப்ப வேண்டாம். ஒற்றைப்படை என்றால் திருப்பு, அவ்வளவுதான்.

கவிழ்த்து மாற்றுவதற்கு லேசர் பிரின்ட்தான் வேண்டும். டோனர் பிளாஸ்டிக் பொடி. சூட்டிலோ அசிட்டோனிலோ இளகி ஒட்டிக்கொள்ளும். இங்க்ஜெட் பிரின்ட் இந்த வேலைக்கு ஆகாது. அசிட்டோன் பயன்படுத்தினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. பஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு ஒற்றினால் போதும்.

கேள்வி: நிறங்களை இங்க்ஜெட்டில் அச்சிட்டு, அதன்மேல் கட்டையால் கருப்பு அச்சிடுகிறேன். நிறம் கசிகிறது. கருப்பும் நிறமும் ஒரு தாளில் பொருந்தினால் அடுத்த தாளில் பொருந்துவதில்லை. இந்த முறையையே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. கட்டையால் கொடுக்க முடியாத மெல்லிய நிற மாற்றங்களை இங்க்ஜெட் கொடுக்கிறது. இங்க்ஜெட்டால் முடியாத, விரலால் தடவினால் தெரிகிற மை மேட்டைக் கட்டை கொடுக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் கோளாறுகள் இரண்டும் வேறு வேறு.

கசிவுக்குக் காரணம் அநேகமாக உங்கள் பிரின்டரின் மை. இங்க்ஜெட்டில் சாய மை உண்டு, நிறமி மை உண்டு. சாயம் தண்ணீரில் கரைவது. காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் ஓடும். நிறமி துகள்களாகத் தாளில் தங்கிவிடுவதால் ஈரத்தைப் பெரும்பாலும் தாங்கும், வெளிச்சத்தில் வெளிறுவதும் குறைவு. நிறமி மை பிரின்டர் கிடைக்காவிட்டால், மேலே வரும் கட்டை அச்சுக்கு எண்ணெய் மை பயன்படுத்துங்கள், தாளை நனைக்காதீர்கள்.

வரிசையும் முக்கியம். இங்க்ஜெட் முதலில், எண்ணெய் மை அப்புறம். எண்ணெய் மை தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே பல நாள் ஆகும். ஈர மையோடு பிரின்டருக்குள் தாளை விட்டால் உருளைகளும் ஹெட்டும் கெட்டுப்போகும். காய்ந்த பிறகும் எண்ணெய்ப் படலத்தின்மேல் நீர் மை சரியாகப் பிடிக்காது. இன்னொன்று: அச்சோவியத் தாள்கள் இங்க்ஜெட்டுக்கென்று பூச்சு போட்டவை அல்ல. மை நாருக்குள் இறங்கிவிடுவதால், திரையில் பார்த்த சிவப்பு தாளில் செங்கல் நிறமாக வரும். அதே தாளின் ஒரு துண்டில் சோதனைப் பட்டை ஒன்று அடித்துப் பார்த்து, கோப்பில் நிறத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த மங்கிய நிறமே பிடிக்கும். அதன்மேல் கருப்பு உட்காரும்போது இரண்டும் ஒரே கையிலிருந்து வந்த மாதிரி இருக்கும்.

இனி பொருந்தாமை. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். எட்சிங் தகட்டோடு, அதாவது அமிலத்தால் கோடுகளைப் பள்ளமாக அரித்த உலோகத் தகட்டோடு, இங்க்ஜெட் நிறத்தைச் சேர்க்க நினைத்து, 24 தாள்களில் நிறத்தை முதலில் அச்சிட்டேன். பளபளப்பாக, துல்லியமாக வந்தன. எட்சிங்குக்குத் தாள் ஈரமாக இருக்க வேண்டும், அப்போதுதான் பள்ளத்தில் இருக்கும் மையைத் தாள் உறிஞ்சி எடுக்கும். நனைத்தேன். பிரெஸ்ஸில் ஓட்டி எடுத்தால், இடது ஓரத்தில் சரியாகப் பொருந்தியது வலது ஓரத்தில் 3 மி.மீ. தள்ளி நிற்கிறது. ஈரத்தில் தாள் விரிந்திருந்தது. அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவாக அல்ல. நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அதிகம். 24 தாளும் போயிற்று. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், ஒரு தாளில் பென்சிலால் நீளத்துக்கு 300 மி.மீ., அகலத்துக்கு 300 மி.மீ. கோடு போட்டு, வழக்கம்போல நனைத்து, ஒற்றி எடுத்து, மறுபடி அளக்கிறேன். ஒரு பக்கம் 301, இன்னொரு பக்கம் 303 என்று வந்தால் கோப்பை அந்தந்தத் திசையில் அதே விகிதத்துக்குச் சுருக்கிவிடுகிறேன். நனைந்து விரியும்போது நிறம் தகட்டின் அளவுக்கு வந்து சேரும். தாள் மாறினால் மறுபடி அளக்க வேண்டும்.

நீங்கள் கட்டையோடு வேலை செய்கிறீர்கள், தாளை நனைக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தாளுக்குத் தாள் மாறுகிறது என்பதால், பிரின்டர் ஒவ்வொரு தாளையும் கொஞ்சம் வேறு இடத்தில் இழுக்கிறது என்று அர்த்தம். தாளின் ஓரத்தை நம்பாதீர்கள். கோப்பிலேயே மூலைகளில் சிறிய கூட்டல் குறிகள் போடுங்கள். அச்சானதும் அந்தக் குறிகளை வைத்து ஒரு நீளப் பக்கத்தையும் ஒரு அகலப் பக்கத்தையும் கத்தியால் வெட்டுங்கள். பிறகு ஜப்பானியர்களின் கென்டோ முறை: மூலைக்கு எல் வடிவத்தில் ஒரு தடுப்பு, அதே பக்கத்தில் தள்ளி நேராக ஒரு தடுப்பு. வெட்டிய ஓரத்தை அதில் ஒட்டி வைத்துத் தாளை இறக்கினால் நகராது. அதற்கும் மேலே ஒரு பாதுகாப்பு: நிறத்தைக் கருப்புக் கோட்டின் விளிம்போடு நிறுத்தாமல், கோட்டுக்கு அடியில் 1 மி.மீ. உள்ளே போகவிடுங்கள்.

கேள்வி (மணிக்கட்டு வலியோடு வேலை செய்யும் ஒருவர்): மருத்துவர் உளியைக் குறைக்கச் சொல்கிறார். லேசர் இயந்திரத்தில் கொடுத்துக் கட்டையை வெட்டினால், அதை மரச்செதுக்கு என்று சொல்வது நியாயமா?

பதில்: முதலில் உங்கள் கை. மருத்துவர் சொன்னதைக் கேளுங்கள். எனக்கும் 40 வயதுக்கு மேல் அந்த வலி வந்தது. மழுங்கிய உளிதான் கையை அதிகம் வதைக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை தோல் பட்டையில் தீட்டிக்கொண்டால் பாதி பலம் போதும்.

லேசருக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெரிய வெற்றிடங்களைக் குடைந்து எடுப்பது உடல் உழைப்பு மட்டுமே. அங்கே யாருடைய கை போனது என்று அச்சில் தெரியாது. அதை இயந்திரத்திடம் கொடுங்கள். கருப்பும் வெள்ளையும் சந்திக்கிற ஓரம் அப்படியல்ல. உளி அங்கே திரும்பும்போது தயங்கியதும், மர நரம்பில் இடறியதும், துணிந்து ஓடியதும் அப்படியே அச்சாகும். லேசர் ஓரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி.

அதனால் கோப்பில் கருப்புப் பகுதிகள் எல்லாவற்றையும் 2 மி.மீ. வெளியே தள்ளிப் பெரிதாக்கி, அந்தக் கோப்பை இயந்திரத்துக்குக் கொடுக்கிறேன். அது ஓரத்தைத் தொடாமல் வெற்றிடத்தை மட்டும் எடுத்துவிடும். மீதி 2 மி.மீ. எனக்கு. நாலு நாள் வேலை ஒரு நாளாகிறது, அந்த ஒரு நாளும் செதுக்கலின் நல்ல பகுதியாக இருக்கிறது.

பொருளைப் பற்றிச் சில வார்த்தைகள். மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் நரம்பு கிடையாது, சீராக எரியும். இயற்கை மரத்தில் மென்மையான பகுதி ஆழமாகவும் கடினமான பகுதி மேலோட்டமாகவும் எரிவதால் பள்ளத்தின் அடியில் வரிவரியாக மேடு நிற்கும். அகலமான வெற்றிடத்தில் ரோலர் உள்ளே இறங்கி அந்த மேட்டில் மை வைத்துவிடும், 2 மி.மீ. ஆழமாவது இருக்கட்டும். கரியைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்காமல் மை பூசாதீர்கள். வினைல் என்று சொல்லி விற்கும் மென்மையான தகடுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் லேசரில் வைக்காதீர்கள். அது பி.வி.சி. ஆக இருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கெடுதல், இயந்திரத்தையும் அரிக்கும். என்ன பொருள் என்று உறுதியாகத் தெரியாத எதையும் வைக்காதீர்கள்.

பெயருக்கு வருவோம். "மரக்கட்டை, லேசரும் கையும்" என்று எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதுகிறேன். அதைப் படித்துவிட்டு யாரும் படத்தைக் குறைவாகப் பார்த்ததில்லை.

கேள்வி: என்னிடம் பிரெஸ் இல்லை, நல்ல பிரின்டர் இல்லை. ஒரு போனும் ஒரு ஜன்னலும் இருக்கின்றன. நானும் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: ஜன்னல் இருக்கிறதே! வெயிலால் நீல நிறத்தில் படம் பதிக்கும் சயனோடைப் முறையைச் செய்யுங்கள். 1842ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை நேரடியாகத் தாளில் வைத்து வெயிலில் பதித்து ஒரு புத்தகமாகக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார். அந்த ஆழ்ந்த நீலம் பிரஷ்ய நீலம். ஹோகுசாயின் அலையில் இருப்பதும் அதே நீலம்தான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவான செயற்கை நிறமி. ஜப்பானிய மர அச்சுக்காரர்களுக்கு அது வெளியிலிருந்து வந்த புதுப் பொருள். தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தகவலை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

முறை எளிது. போனில் எடுத்த படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, நெகட்டிவ்வாக மாற்றி, ஒளி ஊடுருவும் ஃபிலிமில் அச்சிட்டு வாங்குங்கள். ஜெராக்ஸ் கடையில் எடுக்கிற ஃபிலிம் போதும். கருப்பு போதாவிட்டால் இரண்டு பிரதியை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டின் கரைசலையும் சம அளவில் கலந்து, வெயில் படாத அறையில் தாளில் பூசிக் காயவிட்டு, ஃபிலிமையும் கண்ணாடியையும் மேலே வைத்து வெயிலில் காட்டுங்கள். நேரத்தை ஊகிக்காமல், ஒரு பட்டையைப் பகுதி பகுதியாக மூடித் திறந்து சோதியுங்கள். பிறகு தண்ணீரில், மஞ்சள் முழுவதும் போகும்வரை கழுவுங்கள். காரத்தன்மை உள்ள தாளோ சோப்போ வேண்டாம். அந்த நீலம் காரத்தில் வெளிறும்.

தாள் நன்றாகக் காய்ந்ததும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு நாள் வைத்துத் தட்டையாக்குங்கள். அதன்மேல் லினோ. பிரெஸ் வேண்டாம், ஒரு மரக்கரண்டியின் முதுகு போதும். நடுவிலிருந்து வெளியே வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். போனில் எடுத்த நிழல் நீலமாக அடியில், நீங்கள் செதுக்கிய கருப்பு மேலே. நீலம் மென்மையாக இருப்பதால் லினோவில் கோடுகளைக் குறைத்து, பெரிய வடிவங்களாக வையுங்கள்.

கேள்வி: சில்க் ஸ்கிரீனில் புகைப்படத்தை அச்சிட்டால் அலை அலையாக ஒரு கோலம் வருகிறது.

பதில்: படத்தின் நிழலைக் காட்டும் உங்கள் ஹாஃப்டோன் புள்ளி வரிசையும் துணியின் இழையும் மோதுவதால் வருவது, மோயரே என்பார்கள். துணியின் இழை எண்ணிக்கையை 4 அல்லது 5ஆல் வகுத்து வருவதைப் புள்ளி வரிசையாக வையுங்கள்: அங்குலத்துக்கு 230 இழை என்றால் 46 முதல் 57 வரிசை. ஒரே நிறமானால் கோணத்தை 22.5 டிகிரிக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் புள்ளிகளை வரிசையில்லாமல் சிதறவிடும் முறைக்கு மாறுங்கள், அதில் மோதுவதற்கு வரிசையே இல்லை.

கேள்வி: கோப்பு என்னிடம் எப்போதும் இருக்கப் போகிறது. எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்படியிருக்க 5/20 (20 பிரதிகளில் ஐந்தாவது) என்று எண் போட்டுக் கையெழுத்திடுவதில் என்ன பொருள்?

பதில்: நேர்மையான கேள்வி. செதுக்கிய கட்டையிலும் 20க்கு மேல் எத்தனையோ பிரதிகள் எடுக்க முடியும். 20க்கு மேல் எடுக்க மாட்டேன் என்பது நாம் கொடுக்கும் வாக்குதான். கோப்பு வந்ததால் அந்த வாக்கு பொய்யாகிவிடாது, கொடுப்பவருக்குப் பொறுப்பு கூடுகிறது.

ஒரு வேறுபாட்டை மட்டும் கலக்காதீர்கள். லினோ அச்சை ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் எடுத்தால் அது லினோ அச்சின் நகல். நல்ல இங்க்ஜெட் அச்சுக்கு ஜிக்லே என்று 1991ல் ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் விற்பதில் எந்தத் தவறும் இல்லை, லினோகட் என்று சொல்லாத வரை. நிறம் இங்க்ஜெட்டிலும் கருப்பு கட்டையிலும் வந்து, இரண்டும் சேர்ந்தால்தான் படம் என்றால், அது மூலப் படைப்பு. அதற்குத் தயங்காமல் எண் போடுங்கள்.

நான் செய்வது இது. படத்துக்குக் கீழே பென்சிலில் எண், தலைப்பு, கையெழுத்து. தாளின் பின்புறத்தில், அதே பென்சிலில்: "நிறமி இங்க்ஜெட், லினோ 2 கட்டை, கையால் தேய்த்தது." கடைசிப் பிரதி காய்ந்ததும் கட்டையின் குறுக்கே உளியால் ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டோடு ஒரு பிரதி எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்கிறேன். கோப்பை அழிப்பதில்லை. அந்தக் கீறல் விழுந்த பிரதியை ஸ்கேன் செய்து, கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு வைக்கிறேன்.